எருவைத் தொடாதீங்க, ஃபயர் ஹீத் தானா பூக்கும்

தென்னாப்பிரிக்கா டர்பன்ல நம்ம ஆளுங்க வீட்டுப் பின்பக்கம் போனா கறிவேப்பிலை, முருங்கை, எல்லாத்துக்கும் அடியில மாட்டு எரு. அதே கைப்பழக்கத்துல நானும் என் முதல் எரிகாவுக்கு, அதான் ஹீத்னு சொல்ற பூச்செடிக்கு, ரெண்டு கை எரு அள்ளிப் போட்டேன், இலையெல்லாம் பழுப்பாகி செத்தே போச்சு. இது சத்தில்லாத மண்ணுல வளந்த சாதிங்க, வேருல ஒட்டியிருக்கிற ஒரு பூஞ்சைதான் அதுக்குச் சோறு தேடிக் குடுக்குது, நீங்க விருந்து வச்சா தாங்காது.

நான் சொல்றது எரிகா செரிந்தாய்டெஸ், ஃபயர் ஹீத்னு நர்சரில கேளுங்க. தெற்கே கேப் பக்கத்துல இருந்து டர்பன் இருக்கிற நம்ம நட்டால் வரைக்கும் தானா வளருது. மலைல பாத்தோம்னு பிடுங்கிட்டு வராதீங்க, அது குத்தம், அதோட வேரு அசைஞ்சாலே பிழைக்காது.

எங்க வீட்டுல களிமண்ணு, அதனால தொட்டிதான். ஆத்து மணல் ரெண்டு பங்கு, மக்கின பைன் பட்டை ஒரு பங்கு. புளிப்பு மண்ணுதான் இதுக்குப் பிடிக்கும், அதனால ஆயா சொன்னாங்கன்னு சாம்பல், சுண்ணாம்பு, முட்டை ஓடு எதுவும் வேண்டாம். நல்ல வெயில்ல வைங்க. வேரு மயிர் மாதிரி மெலிசு, மேலாகவே ஓடும், கொத்திக் கிளறக் கூடாது, களையைக் கையால எடுத்துட்டு பைன் ஊசி இலையைப் பரப்பி விடுங்க. தண்ணி காலைல, அடியில மட்டும். ஒரு தடவை முழுசா காஞ்சா திரும்ப வராது.

விதைன்னா சித்திரைக் காவடி சமயத்துல தூவுங்க, தூசி மாதிரி இருக்கும், மண்ணு போட்டு மூடாம லேசா அமுக்கினா போதும். புகையைக் கரைச்ச தண்ணி ஊத்தினா நல்லா முளைக்கும்னு சொன்னதும் பக்கத்து வீட்டு மாமி சாம்பிராணி எடுத்துட்டு வந்துட்டாங்க. அது இல்ல மாமி, காஞ்ச புல்லு, செடி எரிஞ்ச புகை!

முக்கியமானது வெட்டுறது. காட்டுல அடிக்கடி தீ வர்ற இடத்துல ஒரு அடி உயரத்துல கச்சிதமா நிக்கும், தீயே இல்லன்னா 1.2 மீட்டர் வரைக்கும் ஒல்லிக்குச்சியா போயிடும். எரிஞ்சாலும் மண்ணுக்குள்ள இருக்கிற அடிக்கட்டைல இருந்து துளிர்க்கும். வீட்டுல நெருப்பு வைக்க முடியாதே, அதனால பூத்து முடிஞ்சதும் கத்தரிக்கோலால அடியோட ஒட்ட வெட்டுங்க. நான் வெட்டினப்ப மாமி "ஐயோ கொன்னுட்டியே"ன்னு கத்தினாங்க, ஒரு மாசம் மொட்டைக் கட்டையாதான் நின்னுச்சு. இப்போ குச்சி நுனியில கொத்துக் கொத்தா செவப்புக் குழல் மாதிரி பூ, தொட்டா பிசுபிசுன்னு முடி ஒட்டுது, காலைல தேன்சிட்டு வந்து தொங்குது, மாமி ஒரு குச்சி கேக்குறாங்க.