ரிசர்வ்ல எவ்ளோ தூரம் போகும்? நானும் பண்ணித் தொலைச்ச சில தப்புகள்

போன வாரம் ஒரு தம்பி போன் பண்ணினான், பழைய பைக் ஒண்ணு எடுத்து 3 மாசம்தான் ஆகுது. "அண்ணே, பெட்ரோல் லைட்டு எரிய ஆரம்பிச்சு 50 கிலோமீட்டர் கூட ஓடல, அதுக்குள்ள நின்னுடுச்சு, ரிசர்வ்ல 80 போகும்னு சொன்னாங்களே"ன்னு ஒரே புலம்பல். யாருடா சொன்னதுன்னு கேட்டா அதே மாடல் வச்சிருக்கற இன்னொருத்தன் சொன்னானாம். எனக்கு சிரிப்பும் வந்துச்சு எரிச்சலும் வந்துச்சு, ஏன்னா அவன் தள்ளிட்டு நின்ன அதே நிலைமையில நானும் மூச்சு வாங்கிட்டு நின்னிருக்கேன், ஒருவாட்டி இல்ல.

டயர்ல காத்து பாருங்க, செயினுக்கு ஆயில் போடுங்க, நேரத்துக்கு பெட்ரோல் போடுங்க, இதெல்லாம் இங்க எழுதப் போறதில்ல. அது எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சும் பண்ண மாட்டோம், அது வேற விஷயம்.

அடுத்தவன் வண்டி கணக்க உங்க வண்டிக்குப் போடறது

"லைட்டு எரிஞ்சா எத்தன கிலோமீட்டர் போகும்?" இந்தக் கேள்விக்கு ஒரே பதில்னு ஒண்ணு கிடையாது. ஒரே மாடல் வண்டி ரெண்டு எடுத்தாலும் டேங்குக்குள்ள பெட்ரோல் மட்டத்த அளக்கற மிதவையோட கம்பி ஒண்ணுல கொஞ்சம் மேல, இன்னொண்ணுல கொஞ்சம் கீழ இருக்கலாம், அவ்ளோதான், லைட்டு எரியற இடமே மாறிடும். ஓட்டற ஆளோட எடை, பின்னாடி யார் உக்காந்திருக்காங்க, டிராஃபிக்கா திறந்த ரோடான்னு எல்லாம் சேந்து மைலேஜயும் மாத்திடும்.

உங்க வண்டிக்கு உங்க கணக்கு வேணும். ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. லைட்டு எரிஞ்ச உடனே நேரா பங்குக்குப் போய் டேங்க ஃபுல் பண்ணுங்க, எத்தன லிட்டர் புடிச்சுதுன்னு பாருங்க. டேங்க் 12 லிட்டர்னு மேனுவல்ல போட்டிருக்கு, புடிச்சது 10.2ன்னா லைட்டு எரியறப்ப உள்ள சுமாரா 1.8 லிட்டர் இருந்திருக்கு. இத ஒரு 3 வாட்டி பண்ணுங்க, வர்றதுல எது கம்மியோ அத வச்சுக்குங்க. அதுலயும் கடைசி துளி வரைக்கும் இன்ஜினுக்குப் போகாது, அடியில கொஞ்சம் எப்பவுமே தங்கும், அதனால நான் கண்ண மூடிட்டு 0.4 லிட்டர கழிச்சிடுவேன். மிச்சம் 1.4. இப்ப இத பெருக்க வேண்டியது நீங்க பெருமையா சொல்லிக்கற மைலேஜால இல்ல, உங்க வண்டி என்னைக்கோ ரொம்ப மோசமா குடிச்ச நாள்ல குடுத்த மைலேஜால. 35ன்னு வைங்க, 49 கிலோமீட்டர். அதே 1.8 லிட்டர இன்னொருத்தன் 50 ஆல பெருக்கி 90ன்னு சொல்லுவான். நம்ம தம்பி காதுல விழுந்த 80 இப்படிப் பொறந்ததாத்தான் இருக்கணும்.

இன்னொண்ணு, எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால்ல லிட்டருக்கு இருக்கற சக்தி பெட்ரோல விட கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கம்மி. 20 சதவீதம் கலந்திருந்தா லிட்டருக்கு 6, 7 சதவீத சக்தி குறைஞ்சிடும். ஃபுல் டேங்குல அது பெருசா தெரியாது, ஆனா லைட்டு எரிஞ்சதுக்கு அப்புறம் அந்த 49ல குறையற 3 கிலோமீட்டர்லதான் பங்க் இருந்து தொலைக்கும்.

பெட்ரோல் டேப்ப ரிசர்வ்லயே விட்டுடறது

இது பழைய கார்ப்ரேட்டர் வண்டி வச்சிருக்கறவங்களுக்கு, டேங்குக்கு அடியில ஆன், ரிசர்வ்னு திருப்பற டேப் இருக்குமே, அது. ரிசர்வ்னா தனியா ஒரு குட்டி டேங்க்னு இன்னமும் நிறைய பேர் நினைக்கறாங்க. இல்ல. டேங்க் ஒண்ணுதான். டேப்புக்கு மேல டேங்குக்குள்ள ஒரு குழாய் கொஞ்சம் உயரமா நிக்கும், ஆன்ல வச்சா அது வழியா பெட்ரோல் எறங்கும், பெட்ரோல் மட்டம் அந்தக் குழாய் வாய்க்குக் கீழ போனா வண்டி திக்கும், அப்ப திருப்பி ரிசர்வ்ல வச்சா அடியில இருக்கற ஓட்டை வழியா மிச்சத்த எடுக்கும். அவ்ளோதான் சங்கதி.

பெட்ரோல் போட்டதும் டேப்ப ஆனுக்குத் திருப்பலன்னா அடுத்த வாட்டி திக்கல் எதுவும் இருக்காது, நேரா கடைசி சொட்டு வரைக்கும் போய் நின்னுடும். நின்ன இடத்துல நாம கெத்தா குனிஞ்சு டேப்ப தேடுவோம், அது ஏற்கனவே ரிசர்வ்லதான் இருக்கும். அந்த நொடியில வர்ற கோவத்த யார் மேல காட்டறதுன்னே தெரியாது. நான் பங்குல பணம் குடுக்கறதுக்கு முன்னாடி இடது கைய டேப்புல வச்சுடுவேன், திருப்பினாத்தான் பர்ஸ் வெளிய வரும்.

மாசக்கணக்கா ரிசர்வ் பக்கமே போகாத வண்டின்னா இன்னொரு தொல்லை. தண்ணியும் துருவும் பெட்ரோல விட கனம், அந்த உயரக் குழாய்க்குக் கீழ போய் படிஞ்சிருக்கும், ரிசர்வ் திருப்பின அன்னைக்கு மொத்தமா கார்ப்ரேட்டருக்கு விருந்து.

எஃப்ஐ (ஃபியூவல் இன்ஜெக்ஷன்) வண்டிய கார்ப்ரேட்டர் வண்டி மாதிரி காய விடறது

இதுதான். இத எழுதத்தான் உக்காந்தேன், மேல இருக்கறதெல்லாம் வார்ம்அப்.

நான் ரொம்ப வருஷம் கார்ப்ரேட்டர் வண்டி ஓட்டினவன். திக்கும், டேப்ப திருப்புவேன், போவேன். முழுசா காஞ்சு நின்னாலும் யாரையாச்சும் புடிச்சு ஒரு லிட்டர் ஊத்தினா ரெண்டு உதைல ஸ்டார்ட் ஆயிடும், வண்டிக்கு ஒரு கேடும் வராது. இந்தத் தெனாவெட்டோடதான் முதல் எஃப்ஐ வண்டி வாங்கினேன். லைட்டு எரியும், எரிஞ்சுட்டுப் போகட்டும்னு ஓட்டுவேன். ஒரு ராத்திரி மலை ரோட்டுல ஏத்தத்துல போயிட்டிருக்கேன், திருப்பத்துல வண்டி ஒரு நொடி தயங்கி லேசா ஒரு இழுவை, அப்புறம் சரியாயிடுச்சு, அடுத்த திருப்பத்துல மறுபடி. நான் என்ன பண்ணினேன்? கியர குறைச்சு இன்னும் முறுக்கினேன். நாலாவது திருப்பத்துல நின்னுச்சு. சரி நின்னுச்சு, அதோட விட்டேனா, செல்ப் பட்டன அழுத்திட்டே இருந்தேன், கர் கர் கர்னு பேட்டரி தொண்ட கட்டற வரைக்கும். ஒரு லாரிக்காரர் பங்குல எறக்கி விட்டார், ஒரு மணி நேரம் கழிச்சு நான் கேன்ல பெட்ரோலோட திரும்பி வந்து ஊத்தினா பேட்டரியில உசுரு இல்ல, வண்டியில கிக்கரும் இல்ல.

அன்னைக்கு நடந்தது என்னன்னு அப்புறமாத்தான் புரிஞ்சுது. கார்ப்ரேட்டருக்கு பெட்ரோல் தன்னால எறங்கும், புவியீர்ப்பு போதும். எஃப்ஐ வண்டியில டேங்குக்குள்ள ஒரு கரண்ட் பம்ப் உக்காந்திருக்கு, அது பெட்ரோல உறிஞ்சி, நிறைய வண்டிகள்ல 3 பார் கிட்ட அழுத்தத்துல, இன்ஜெக்டருக்குத் தள்ளும். அந்தப் பம்போட மோட்டார் வழியாவே பெட்ரோல் ஓடுது. மோட்டாருக்குக் குளிர்ச்சி அதுதான், வழவழப்பும் அதுதான். பெட்ரோலுக்குப் பதிலா காத்த உறிஞ்சினா மோட்டார் வறட்டு ஓட்டம் ஓடும், சூடாகும், தேயும். என் திருப்பத்துல வந்த அந்த இழுவை வேற ஒண்ணுமில்ல, பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காத்தக் குடிச்சதுதான். நான் செல்ப் அடிச்ச ஒவ்வொரு வாட்டியும் அந்தக் காஞ்ச பம்ப இன்னும் காய விட்டிருக்கேன்.

அன்னைக்கே பம்ப் போயிருந்தா கூட பரவால்ல, பாடம்னு விட்டிருப்பேன். அது போகல. ரெண்டு மாசம் நல்லா ஓடிச்சு. அப்புறம் வெயில்ல ஒரு மணி நேரம் ஓட்டினா மட்டும் மேல் வேகத்துல இழுக்காது, நிறுத்தி கால் மணி நேரம் விட்டா ஒண்ணுமே தெரியாத மாதிரி ஓடும். மெக்கானிக் கிட்ட எடுத்துட்டுப் போற நேரத்துல வண்டி ஆறியிருக்கும், அவர் ஓட்டிப் பாத்துட்டு "நல்லாத்தானே இருக்கு"ன்னுவார். பிளக்க மாத்தினோம். ஏர் ஃபில்டர மாத்தினோம். த்ராட்டில் பாடிய கழுவினோம். பேட்டரிய ஏற்கனவே மாத்தியாச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாள் லீவு, ஒரு பில்லு. கடைசியா இன்னொருத்தர் வந்தார், சாவியப் போட்டுட்டு ஸ்டார்ட் பண்ணாம டேங்க் மேல காத வச்சுக் கேட்டார், "பம்ப் அழுவுது சார்"னார். அழுத்தம் அளந்து பாத்தா சூடானதும் முள்ளு எறங்குது. பம்ப் மட்டும் தனியா கிடைக்காது, மிதவையோட மொத்த செட்டாத்தான் வரும்னு சொன்னப்ப நான் என் வாயால சொன்னத இங்க எழுத முடியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் சோம்பேறித்தனம் இது. இன்னைக்கு நினைச்சாலும் எரியுது.

அதுக்காக லைட்டு எரிஞ்ச நொடியே பம்ப் செத்துடும்னு பயமுறுத்தறவங்க பேச்சையும் நம்பாதீங்க. மட்டம் கம்மியா இருந்தாலும் உறிஞ்சறதுக்குப் பெட்ரோல் இருக்கற வரைக்கும் அது மோட்டார் வழியா ஓடிட்டேதான் இருக்கும். அதே மாதிரி "கம்மி பெட்ரோல்ல ஓட்டினா அடி அழுக்க இழுக்கும்"னு ஒரு பேச்சு, எஃப்ஐ வண்டியில பம்ப் ஃபுல் டேங்குலயும் அடியிலேந்துதான் எடுக்குது, அழுக்கு இருந்தா என்னைக்கும் இழுக்கும். கேடு எதுலன்னா காத்து போறதுலதான், அதாவது ஏத்தம், திருப்பம், திடீர் பிரேக்கு, அப்புறம் காஞ்சதுக்கு அப்புறமும் செல்ப் அடிக்கறது.

அதனால லைட்டு எரியறப்ப திருப்பத்துல ஒருவாட்டி தயங்கி இழுத்தா அதுதான் உங்களுக்கு வந்த கடைசி தந்தி. ஓரம் கட்டி சாவிய அணைங்க. பெட்ரோல் வந்ததும் உடனே செல்ப் அடிக்காதீங்க. சாவியப் போட்டா ரெண்டு மூணு செகண்ட் "உய்ங்"னு ஒரு சத்தம் வரும், பம்ப் அழுத்தம் ஏத்தற சத்தம் அது. அது அடங்கினதும் சாவிய அணைங்க, மறுபடி போடுங்க. மூணு நாலு வாட்டி. குழாய்ல இருக்கற காத்து வெளிய போனதும் பட்டன ஒருவாட்டி தொட்டா போதும். வண்டி புதுசா இருக்கறப்பவே அந்த உய்ங் சத்தத்த நல்லாக் கேட்டு வச்சுக்குங்க, என்னைக்காச்சும் அது மாறினா உங்களுக்கே தெரியும்.

சைடு ஸ்டாண்டுல நிக்கறப்ப பெட்ரோல் முள்ளப் பாக்கறது

பாக்காதீங்க. நிமித்தி வச்சுப் பாருங்க.

மீட்டர்ல காட்டற ரேஞ்ச நம்பி பங்க தாண்டிப் போறது

இன்னும் இவ்ளோ கிலோமீட்டர் போகும்னு அது சொல்றது ஜோசியம். கொஞ்ச நேரமா நீங்க ஓட்டின மைலேஜ வச்சு வர்றத சொல்லுது, அவ்ளோதான். திறந்த ரோட்டுல சீரா வந்தப்ப 70ன்னு காட்டும், டிராஃபிக்ல மாட்டினதும் அஞ்சு கிலோமீட்டர்ல 20 கொறஞ்சிருக்கும். சில வண்டியில ரிசர்வ் ஆரம்பிச்சதும் ட்ரிப் மீட்டர் தானா சைபர்லேந்து எண்ண ஆரம்பிக்கும், எனக்கு அதுதான் புடிக்கும். அது எதையும் ஊகிக்காது, இவ்ளோ ஓடிட்டேன்னு மட்டும் சொல்லும், மிச்சத்த உங்க கணக்கு சொல்லணும்.

பெட்ரோல் தீரப்போகுதுன்னு வேகமாப் போறது

சிரிக்காதீங்க, நிறைய பேர் இத பண்றாங்க, தீர்றதுக்குள்ள பங்குக்குப் போயிடணுமாம். காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 60ல போறவன் 90க்கு ஏத்தினா வேகம் ஒன்றரை மடங்குதான், காத்து எதிர்க்கறது 2.25 மடங்கு. டாப் கியர்ல இன்ஜின் முக்காம 45, 50ல சீரா போங்க, முன்னாடி சிக்னல் சிவப்புன்னா தூரத்துலேந்தே ஆக்சிலேட்டர விடுங்க.

இறக்கத்துல நியூட்ரல் போடறது

பெட்ரோல் மிச்சமாகும்னு பண்றாங்க, எஃப்ஐ வண்டியில இது மிச்சமே இல்ல. கியர்லயே இருந்து ஆக்சிலேட்டர முழுசா விட்டா, ஓரளவு வேகம் இருக்கற வரைக்கும் நிறைய வண்டியில இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திடும், சக்கரம்தான் இன்ஜின சுத்த வைக்கும். நியூட்ரல்ல விட்டா ஐடிலிங்க்கு பெட்ரோல் செலவு, போதாததுக்கு இன்ஜின் புடிமானமும் இல்ல, பிரேக்கு மட்டும் கதறும். கார்ப்ரேட்டர் வண்டியில சாவிய அணைச்சுட்டு எறங்கறவங்க தனி ரகம். ராத்திரில ஹெட்லைட்டும் சேந்து அணையும், சாவி தப்பித் தவறி இன்னொரு சுத்து போனா ஹேண்டில் லாக்.

நின்ன வண்டியெல்லாம் பெட்ரோல் இல்லாம நிக்கல

டேங்க் மூடியில ஒரு சின்ன காத்து ஓட்டை இருக்கும். தூசி அடைச்சுக்கிட்டா பெட்ரோல் எறங்க எறங்க உள்ள வெற்றிடம் ஆகி, கார்ப்ரேட்டர் வண்டியில பெட்ரோல் வர்றது நின்னுடும். அச்சு அசலா பெட்ரோல் தீந்த மாதிரியே திக்கி நிக்கும். மூடியத் திறக்கறப்ப "ஸ்ஸ்"னு காத்த உள்ள இழுத்துச்சுன்னா அதான் வியாதி.

தண்ணி பாட்டில்ல பெட்ரோல்

வேணாம்பா.

கடைசியா அந்த தம்பி விஷயம். அவன் நின்ன இடத்துலேந்து பங்க் ஒன்றரை கிலோமீட்டர். பழைய கார்ப்ரேட்டர் வண்டிதான்னதும் "டேப் இடது பக்கம்தானே, வண்டிய இடது பக்கமா நல்லா சாய்ச்சுப் புடி, அப்புறம் நிமித்தி ஸ்டார்ட் பண்ணு"ன்னேன். டேங்குக்கு நடுவுல வண்டி முதுகெலும்பு போறதுக்காக ஒரு மேடு இருக்கும், வலது பக்கம் மாட்டின பெட்ரோல் அந்த மேட்டத் தாண்டி தன்னால வராது, சாய்ச்சாத்தான் சலக்குன்னு விழும். அஞ்சு நிமிஷம் கழிச்சு பங்குலேந்து போன் பண்ணினான். ஃபுல் பண்ணிட்டானாம், எத்தன லிட்டர் புடிச்சுதுடான்னு கேட்டேன்.

"பாக்கலியேண்ணே."

டேப்ப ஆனுக்குத் திருப்பினியான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தத்தையே காணோம்.

"இருங்கண்ணே, ஒரு நிமிஷம்."