பிரிட்டன் சம்பளச் சீட்டில் வரிக் குறியீட்டைப் படிப்பது எப்படி?

பிரிட்டனில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் சம்பளச் சீட்டில் கைக்கு வரும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்தத் தொகையைத் தீர்மானிக்கும் 1257எல் போன்ற வரிக் குறியீடும் அதே சீட்டில்தான் இருக்கிறது.

முதலில் எண்ணைப் பாருங்கள். 1257-இன் பின்னால் ஒரு பூஜ்யம் சேர்த்தால் 12,570. ஏப்ரல் 6-இல் தொடங்கும் வரியாண்டு முழுவதற்கும் உங்களுக்கு வரியில்லாமல் கிடைக்கும் பவுண்டுகள் அவ்வளவு. மாதத்துக்குச் சுமார் 1,048. முன்னால் எஸ் இருந்தால் ஸ்காட்லாந்து, சி இருந்தால் வேல்ஸ் வரிவிகிதம்.

அடுத்து எழுத்து. எல் என்பது வழக்கமான வரிவிலக்கு. பிஆர் என்றால் விலக்கே இல்லை, முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம். மாதம் 2,500 பவுண்டு வாங்குபவருக்கு 1257எல்லில் சுமார் 290 பவுண்டு பிடிப்பார்கள், பிஆரில் 500. இரண்டாவது வேலைக்கு பிஆர் வருவது இயல்பு. இருப்பதே ஒரு வேலை என்றால் விசாரித்தே ஆக வேண்டும். கே அரிது: நிறுவனக் கார் போன்ற சலுகைகளின் மதிப்பு விலக்கை மிஞ்சும்போது வருவது.

மூன்றாவதாக, குறியீட்டின் வால். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். எம்1, டபிள்யூ1, எக்ஸ் ஆகியவற்றில் ஏதேனும் ஒட்டியிருந்தால், முந்தைய மாதங்களில் பயன்படுத்தாத விலக்கைக் கணக்கில் கொள்ளாமல், ஒவ்வொரு சம்பளத்தையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறார்கள் என்று பொருள். அந்த வரியாண்டில் முதன்முறையாகச் செப்டம்பர் இறுதியில் 2,500 பவுண்டு பெறுபவருக்கு ஆறு மாத விலக்கு, அதாவது சுமார் 6,290 பவுண்டு, சேர்ந்திருப்பதால் 1257எல்லில் வரியே வராது. எம்1 ஒட்டியிருந்தால் அதே 290 போய்விடும்.

இந்த வால் பெரும்பாலும் வேலையில் சேரும் நாளிலேயே முளைக்கிறது. வேலையை விடும்போது பழைய முதலாளி தரும் பி45 என்ற வரிச் சான்று இல்லாதவர்கள் நிரப்பும் படிவத்தில் மூன்று தேர்வுகள்: ஏப்ரல் 6-க்குப் பின் இதுவே முதல் வேலை என்பவருக்கு ஏ, இடையில் வேறு வேலை பார்த்து இப்போது இது மட்டுமே என்பவருக்கு பி, இன்னொரு வேலையோ ஓய்வூதியமோ உள்ளவருக்கு சி. ஏ-க்கு 1257எல், பி-க்கு எம்1 ஒட்டிய 1257எல், சி-க்கு பிஆர் குறியீடு வரும். படிவத்தையே தராவிட்டால் 0டி (0T), அதாவது விலக்கே கிடையாது.

தவறு தெரிந்தால் சம்பளப் பிரிவிடம் கோபிப்பதில் பயனில்லை. வரித்துறையான எச்எம்ஆர்சி அனுப்பும் குறியீட்டை அவர்கள் தாமாக மாற்ற முடியாது. எச்எம்ஆர்சியின் இணையக் கணக்கில் வேலை, வருமான விவரங்களை நீங்களே திருத்துங்கள். வால் இல்லாத புதிய குறியீடு அதே வரியாண்டுக்குள் வந்துவிட்டால், கூடுதலாகப் பிடித்த பணம் அடுத்த சம்பளத்தோடு திரும்பி வரும்.