தட்டிப் பார்த்துவிட்டுப் பட்டி பாருங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டின் கிழக்குச் சுவருக்கு மூன்று தீபாவளிக்கு மூன்று முறை பெயின்ட் அடித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பொங்கலுக்குள் அதே இடம், ஜன்னலுக்குக் கீழே, அப்பளம் மாதிரி உப்பி நிற்கும். கடையை மாற்றினேன், பெயின்டை மாற்றினேன், ஆளையும் மாற்றினேன். நாலாவதாக வந்த மேஸ்திரி பெயின்ட் பேச்சையே எடுக்கவில்லை. கரண்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் மரப்பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். டொக், டொக், டொக். ஜன்னல் பக்கம் வந்ததும் சத்தம் மாறியது. தொம், தொம்.

"உள்ள காலியா கீது சார். நீங்க இத்தினி வருசமா சுவத்துக்கு அடிக்கல, அதோட தோலுக்கு அடிச்சினு இருந்தீங்க" என்றார்.

வெளிப்பூச்சு விஷயத்தில் நம் ஊரில் நடக்கும் முதல் தவறு இதுதான். கண்ணால் பார்க்கிறோம், காதால் கேட்பதில்லை. செங்கல்லோடு ஒட்டியிருக்கும் பூச்சு கெட்டியான சத்தம் கொடுக்கும். விட்டுப்போன பூச்சு பானையைத் தட்டியது போல ஒலிக்கும். கரண்டிப்பிடி வேண்டும் என்பதில்லை, ஒரு ரூபாய் நாணயம் போதும். சத்தம் மாறும் இடத்தில் எல்லாம் சாக்பீஸால் புள்ளி வைத்து, கடைசியில் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போடுங்கள். நான் உள்ளங்கையளவு என்று நினைத்திருந்த பழுது, கோடு போட்டுப் பார்த்தால் அரைக் கதவு அளவு இருந்தது.

அடுத்த தவறு, காரை பெயர்ந்த இடத்தையே நோய் என்று நினைப்பது. தண்ணீர் நுழைவது ஓர் இடம், அது வெளியே காட்டிக்கொடுப்பது வேறிடம். எங்கள் வீட்டில் ஜன்னலுக்கு மேலே, சன்ஷேட் சுவரோடு சேரும் மூலையில் நூல் போல ஒரு வெடிப்பு. ஐப்பசி, கார்த்திகை மழை அதன் வழியாக இறங்கி, பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவே ஓடி, கீழே வந்து உப்பியது. ஆகவே பூச்சு உப்பினால் அதற்கு மேலே பாருங்கள்: கைப்பிடிச் சுவரின் தலைப்பகுதி, மழைநீர்க் குழாயின் ஜாயின்ட், பாத்ரூம் குழாய் சுவரைத் துளைத்து வரும் ஓட்டை, டிஷ் ஆன்டெனாவுக்காகப் போல்ட் அடித்த இடம், சுவரை ஒட்டியே சொட்டும் ஏசி டியூப். சன்ஷேட் அடிப்பக்கத்தில், விளிம்பை ஒட்டி, ஒரு விரல் அகலத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் காடி இருந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இல்லையென்றால் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும்.

தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை மட்டும் சுவர் ஓதம் அடித்து, உப்புப் பூத்தால் கதை வேறு. அது கீழிருந்து ஏறும் ஈரம். வடசென்னைத் தெருக்களில் ரோடு போட்டுப் போட்டு உயர்ந்துகொண்டே போக, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடுகள் இன்று தெருமட்டத்தில் நிற்கின்றன. அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் இருக்கப் போட்ட தடுப்பும் மண்ணுக்குள் போய்விட்டது. அந்த வீட்டுச் சுவரில் வாட்டர் ப்ரூஃப் பெயின்ட் பூசினால், ஈரம் நிற்காது. இன்னும் ஓர் அடி மேலே ஏறி அங்கே பூக்கும்.

எல்லா வெடிப்புக்கும் ஒரே மருந்தில்லை. வறண்ட ஏரி போலச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்திருந்தால் அது பூச்சு வேலையின் குறை. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக வெடித்திருந்தால், இரண்டும் வெயிலில் வேறு வேறு அளவு விரிவதால் வந்தது; அங்கே கோழி வலைக் கம்பியை இரு பக்கமும் அரை அடி படும்படி அடித்துவிட்டுத்தான் பூச வேண்டும். செங்கல் வரிசையை ஒட்டிப் படிக்கட்டு மாதிரி இறங்கும் வெடிப்பு, அல்லது ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, அகலம் கூடிக்கொண்டே போகும் வெடிப்பு என்றால் கொத்தனாரைக் கூப்பிடாதீர்கள், இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். சந்தேகமாக இருந்தால் வெடிப்பு முடியும் இடத்தில் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டு, பக்கத்திலேயே தேதியை எழுதி வையுங்கள். இரண்டு மாதத்தில் வெடிப்பு கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று சுவரே சொல்லிவிடும். வடக்குச் சுவரில் வழிந்திருக்கும் கறுப்புக் கோடுகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது பாசியும் தூசியும். தேய்த்துக் கழுவினால் போகும்.

இனி கடல் விஷயம். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் சன்ஷேட், பால்கனி அடிப்பக்கங்களில் கம்பி போகும் வழியிலேயே நேர்கோடாக வெடித்து, பழுப்பாகக் கறை இறங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்புக்காற்றும் ஈரமும் கான்கிரீட்டுக்குள் கம்பியைத் தொட்டுவிட்டன என்று அர்த்தம். துருப்பிடித்த இரும்பு பழைய அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பருக்கும். அந்த நெருக்குதலில்தான் கான்கிரீட் துண்டு துண்டாகக் கழன்று விழுகிறது. அதை வெறும் சிமென்ட் குழைத்து மூடுவது போன்ற ஆபத்தான வேலை வேறில்லை. பார்க்க ஒழுங்காக இருக்கும், உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும், அடுத்த முறை விழும் துண்டு பெரிதாக இருக்கும். கழன்றதை எல்லாம் கொத்தி எடுத்து, கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையுமளவு திறந்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பு வந்தபிறகு, துரு தடுக்கும் ஜிங்க் ப்ரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவையால் மூட வேண்டும். கம்பி தேய்ந்து மெலிந்திருந்தால் இதுவும் போதாது. இன்ஜினியர் பார்த்துப் புதுக் கம்பி சேர்க்கச் சொல்வார்.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு தவறு, போர் தண்ணீரில் கலவை போடுவது. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடிக்குக் கடல்நீர் ஏறிய கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீரைச் சுவருக்குக் கொடுத்தால், நாமே உப்பை உள்ளே வைத்துப் பூசுகிறோம். வேலை நடக்கும் நாட்களில் மெட்ரோ வாட்டரை, அதாவது குடிநீர் வாரியத் தண்ணீரை, பிடித்து வையுங்கள். இரண்டு டிரம் போதும்.

மண்ணடி, பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் நூறு வருட வீட்டில் இருப்பவர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படிக்கவும். சுவர் ஒன்றரை அடி தடிமன், மெல்லிய பட்டையான செங்கல், சாவியால் கீறினால் வெள்ளையாக உதிரும் சாந்து என்றால் உங்கள் வீடு சுண்ணாம்பில் கட்டியது. கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பில் கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த மெட்ராஸ் பூச்சு, பளிங்கு மாதிரி மின்னும் என்று வெளியூர்க்காரர்கள் மெச்சிய காலம் உண்டு. அந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசுவது நல்ல எண்ணத்தில் செய்யும் கெடுதல். ஈரம் வெளியேற வழியில்லாமல் பின்னாலேயே நின்றுவிடும், உப்பு அங்கேயே உறைந்து விரியும், இரண்டு மூன்று மழைக்குப்பின் சிமென்ட் பூச்சு செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான். அந்த வேலை தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம், கூலியும் அதிகம். அதற்காகக் கையில் கிடைத்த சிமென்ட் மூட்டையைப் பிரித்துவிடாதீர்கள்.

சாதாரண செங்கல், சிமென்ட் வீட்டுக்கு ஒட்டு வேலை இப்படி: சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே இரண்டு அங்குலம் தள்ளி, சதுரமாக வெட்டிச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுக்கணும். தூசியைத் துடைத்து, சுவரை நன்றாக நனைக்கணும். காய்ந்த செங்கல் கலவையில் இருக்கும் தண்ணீரைக் குடித்துவிடும், பூச்சு பொரியும். கலவை, ஒரு பங்கு சிமென்ட்டுக்கு நாலோ ஐந்தோ பங்கு மணல். சிமென்ட் அதிகம் போட்டால் பலம் அதிகம் என்று நினைக்கிறார்கள், உண்மையில் வெடிப்புதான் அதிகம். மணல், பூச்சு வேலைக்கென்றே கல்லை உடைத்துச் சலித்த பி சாண்டாக இருக்கட்டும். கிரஷர் தூளைக் கலந்து விற்பவர்களும் உண்டு. ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு மணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மேலே சேறாகப் படியும் அடுக்கு கனமாக இருந்தால் அந்த மணல் வேண்டாம். ஒரே அடியாக அப்பாமல், முதல் பூச்சில் கீறல் போட்டு விட்டு, மறுநாள் இரண்டாவது பூச்சு. இரண்டும் சேர்ந்து 15 முதல் 20 மில்லிமீட்டர்.

பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. டீ குடிக்கப் போகும்முன் குழைத்த கலவை இறுகியிருக்கும்; திரும்பி வந்து அதில் தண்ணீர் தெளித்துக் கிளறிப் பூசுவார்கள். அது பிடிக்காது, கொட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, பூச்சு சீக்கிரம் இழுக்கட்டும் என்று காய்ந்த சிமென்ட்டைச் சுவர்மேல் தூவித் தேய்ப்பது. அந்த வழவழப்பு அன்று மாலை அழகு, அடுத்த மாதம் முழுக்கப் பொடி வெடிப்பு.

பூசியபின் ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும். காண்ட்ராக்ட் பேசும்போதே யார் ஊற்றுவது என்று பேசிவிடுங்கள், இல்லையென்றால் யாரும் ஊற்ற மாட்டார்கள். கத்திரி வெயிலில் பூசினால் ஈரச்சாக்கு தொங்கவிட்டே ஆகணும். மழைக்காலத்தில் பூசவே வேண்டாம். தீபாவளிக்குள் முடிக்கணும் என்ற அவசரம்தான் இந்த ஊர்ச் சுவர்களைப் பாதி கெடுத்தது, நான் உட்பட. பட்டி, ப்ரைமர், பெயின்ட் எல்லாம் பூச்சு போட்டு நாலு வாரம் கழித்து.

எங்கள் சுவருக்கு மழை விட்டு மூன்று வாரம் காயவிட்டு, மார்கழிக் கடைசியில் கை வைத்தோம். சன்ஷேட் மூலையை முதலில் அடைத்துவிட்டுத்தான் மேஸ்திரி கீழே இறங்கினார். பொங்கலன்று தெருவே புதுப் பெயின்டில் இருக்க, எங்கள் வீடு மட்டும் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியது போல சாம்பல் சதுரத்தோடு நின்றது. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா நிமிர்ந்து பார்த்து, "இன்னா தம்பி, இந்த வாட்டி காசு பத்தலையா?" என்று கேட்டார். மாசியில்தான் பெயின்ட் அடித்தேன். அடிப்பதற்கு முன் ஒரு ரூபாயால் தட்டிப் பார்த்தேன், டொக் என்றது.