ஜார்ஜ் டவுனை ஒரே நாளில் நடந்தே பார்ப்பது எப்படி? முதலில் தெருப் பெயர்கள்

போன பள்ளி விடுமுறையில் கிள்ளானிலிருந்து சித்தி குடும்பம் பினாங்குத் தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுனுக்கு வந்தது. எனக்கு அன்றைக்கு வேலை, கூடப் போக முடியவில்லை. ஒரு தாளில் வழியை எழுதிக் கொடுத்தேன். காலை எட்டரைக்குக் கிளம்பியவர்கள் எங்கேயும் வழி மாறாமல் சுற்றிப் பார்த்துவிட்டு மாலை ஐந்துக்கெல்லாம் படகுத்துறைக்குத் திரும்பிவிட்டார்கள். அந்தத் தாளில் இருந்ததைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். தங்குமிடம், பயணச் சீட்டு எல்லாம் உங்கள் பாடு, அதற்குள் நான் போகவில்லை.

படி 1: ஃபெரியில் வாருங்கள்

இரண்டு பாலங்கள் இருக்கின்றன, தெரியும். இருந்தாலும் முதல் தடவை வருகிறவர்கள் எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வருவதுதான் சரி. கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வந்தால் நிலையத்திலிருந்து நடந்தே படகுத்துறைக்குப் போய்விடலாம். 2023இல் புதிய படகுகள் வந்த பிறகு ரொக்கம் வாங்குவதில்லை, டச் என் கோ அட்டையில் பணம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம்தான். பிள்ளைகளை முன்பக்கம் நிற்க வையுங்கள். இந்த ஊர் கடலைப் பார்த்து எழுந்த ஊர், கடலிலிருந்து பார்த்தால்தான் அது புரியும்.

படி 2: தெருப் பெயரைக் கற்றுக்கொள்ளுங்கள் (இதைத் தாண்டிப் போகாதீர்கள்)

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் காலையில் முருகனின் வெள்ளி ரதம் நகரத்தாரின் கோயில் வீட்டிலிருந்து புறப்படும். நாட்டுக்கோட்டை நகரத்தார் காரைக்குடியில் செய்வித்து 1894இல் கப்பலில் கொண்டுவந்த ரதம் அது. அது புறப்படுவதைப் பார்க்க வேண்டும் என்று அப்பாவுக்குப் பல வருட ஆசை. இருட்டோடு கிளம்பி, வாடகைக் காருக்கு நான் கைப்பேசியில் 'ஜாலான் பினாங்' என்று அடித்தேன். கோயில் வீடு இருப்பது லெபு பினாங்கில். இரண்டும் வேறு வேறு தெரு! நடுவில் கால் மணி நேர நடை. இறங்கிய இடத்தில் நாதஸ்வரமும் இல்லை, கூட்டமும் இல்லை. அப்பாவை வேகமாக நடக்க வைத்துப் போய்ச் சேர்ந்தபோது ரதம் போய்விட்டது. ரோடெல்லாம் உடைத்த தேங்காய்ச் சில்லு, தேங்காய்த் தண்ணீர், சூட வாசனை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஒரு சில்லைக் குனிந்து எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லெபு என்றால் ஸ்திரீட், ஜாலான் என்றால் ரோடு, லோரோங் என்றால் சந்து. ஒரே பெயர் இந்த மூன்றிலும் வரும். லெபு சூலியா பெரிய தெரு, லோரோங் சூலியா அதிலிருந்து பிரியும் சந்து. இதற்கு மேல், நம் பெரியவர்கள் இன்னும் பழைய ஆங்கிலப் பெயரையே சொல்வார்கள். அவர்கள் பிட் ஸ்திரீட் என்பது பலகையில் ஜாலான் மஸ்ஜித் கபித்தான் கெலிங். பீச் ஸ்திரீட் என்பது லெபு பந்தாய். மார்க்கெட் ஸ்திரீட் என்பது லெபு பாசார், தமிழர்களுக்கு அது கடைத்தெரு. இவற்றையாவது ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி வரைபடத்தைவிட எனக்குத் தாள்தான் பிடிக்கும்: வெயிலில் திரை தெரியாது, தாளை யாரிடமும் நீட்டி வழி கேட்கலாம். கைப்பேசிதான் வேண்டும் என்றால் தெருப் பெயரை அடிக்காமல் கோயில், பள்ளிவாசல் என்று கட்டடத்தின் பெயரை அடியுங்கள்.

இன்னொன்றையும் மனதில் வைத்தால் வழியே தவறாது. 1786 ஆகஸ்ட் 11ஆம் தேதி பிரான்சிஸ் லைட் இங்கே பிரிட்டிஷ் கொடியை ஏற்றி, தீவுக்கு வேல்ஸ் இளவரசர் பெயரையும் ஊருக்கு மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரையும் வைத்தார். அவர் போட்ட ஊர் ஒரு சதுரம்போல. வடக்கே லைட் ஸ்திரீட், கிழக்கே பீச் ஸ்திரீட், தெற்கே சூலியா ஸ்திரீட், மேற்கே பிட் ஸ்திரீட். குயின், கிங், பினாங் ஸ்திரீட் மூன்றும் அந்தச் சதுரத்துக்குள்ளேதான் வடக்கு தெற்காக ஓடுகின்றன. சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களுக்கு அன்று இருந்த பெயர். ஊரின் நான்கு எல்லைகளில் ஒன்று நம்மவர் பெயரில் இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

படி 3: மணிக்கூண்டும் கோட்டையும்

படகுத்துறையிலிருந்து லெபு பந்தாய் வழியாக வடக்கே நடங்கள். பீச் என்று பெயர் இருக்கிறதே, கடல் எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். முன்பு இந்தத் தெருவரை கடல்தான், பிற்பாடு தூர்த்துத்தான் வெல்ட் கீ என்ற கரையோரச் சாலை வந்தது. தெரு முடிவில் விக்டோரியா ராணியின் வைர விழாவுக்காகக் கட்டிய மணிக்கூண்டு, உயரம் 60 அடி, அதுவரை அவர் ஆண்ட ஒவ்வொரு வருடத்துக்கும் ஓர் அடி. பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கே 1603இல் வார்த்த ஸ்ரீ ரம்பாய் என்ற டச்சுப் பீரங்கி இருக்கிறது, குழந்தை வேண்டி அதற்குப் பூ வைப்பவர்கள் உண்டு. அரை மணி நேரத்துக்கு மேல் இங்கே செலவழிக்க வேண்டாம், வெயில் ஏறுவதற்குள் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

படி 4: பிட் ஸ்திரீட்

ஒரு நாளில் ஒரே ஒரு தெருதான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். வடக்கு முனையில் 1818இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கொஞ்சம் கீழே வந்தால் சீனர்களின் குவான் யின் கோயில், ஊதுபத்திப் புகையே வழி காட்டும். அதற்கும் கீழே மகா மாரியம்மன் கோயில்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பிட் ஸ்திரீட்டில் நடந்து வந்தால் தெரிவது கோயிலின் பின்பக்கம். "கோயில் பூட்டியிருக்கு" என்று திரும்பிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். வாசலும் கோபுரமும் குயின் ஸ்திரீட்டில் இருக்கின்றன. கடைத்தெருவில் இடது பக்கம் திரும்பி, குயின் ஸ்திரீட்டில் மறுபடி இடது பக்கம் திரும்புங்கள். 1833இல் கட்டிய கோயில், பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். மதியம் நடை சாத்திவிட்டால் மாலையில்தான் திறப்பார்கள், ஆகவே பதினொன்றுக்குள் அங்கே இருங்கள். இந்தப் பயணம் முழுவதற்கும் நேரக்கணக்கு இந்த ஒன்றை வைத்துத்தான்.

கும்பிட்டுவிட்டு மறுபடி பிட் ஸ்திரீட்டுக்கு வந்தால் கபித்தான் கெலிங் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் 1801இல் நிறுவியது. தொழுகை இல்லாத நேரத்தில் வெளியாட்களும் பார்க்கலாம், மேலங்கி கொடுப்பார்கள். சூலியா ஸ்திரீட்டில் கிங் ஸ்திரீட் முனையில் நாகூர் தர்காவும் இருக்கிறது. நாகூர் ஆண்டவர் நினைவாகக் கடல் தாண்டி வந்தவர்கள் எழுப்பியது. சின்னக் கட்டடம், ஓரமாக நின்று மினாரைப் பாருங்கள். அவசரத்தில் தாண்டிப் போய்விடாதீர்கள்.

படி 5: சாப்பாடு

பசியாறுவதென்றால் காலையில் கடைத்தெருப் பக்கம் தோசை. மதியத்துக்கு நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் தோளில் கம்பு வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் தூக்கி வந்து விற்ற சாப்பாடு இது. அந்தக் கம்புதான் கண்டார். 'பஞ்சிர்' என்று சொன்னால் எல்லாக் குழம்பையும் சோறு மூழ்க ஊற்றுவார்கள். எனக்கு அப்படிச் சாப்பிட்டால்தான் திருப்தி. விலையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், கணவாய் முட்டையும் பெரிய இறாலும் பல வெள்ளி (ரிங்கிட்) கூட்டிவிடும்.

படி 6: பிற்பகல்

பிட் ஸ்திரீட்டைத் தெற்கே தொடர்ந்தால் லெபு கேனன், அங்கே கூ கொங்சி. 1901இல் எரிந்துபோய், 1906இல் மறுபடி எழுப்பிய குல மண்டபம். உள்ளே கூரையை நிமிர்ந்து பாருங்கள். பக்கத்திலேயே லெபு ஆர்மீனியன். 2012இல் எர்னெஸ்ட் ஸாகாரெவிச் வரைந்த, சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகள் அங்கேதான், சுவரில் இருப்பது நிஜ சைக்கிள். பலர் இந்தச் சுவரோவியங்களோடு நாளைத் தொடங்குகிறார்கள். நான் வேண்டாம் என்பேன். காலை நேரம் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் வேண்டும், சுவர் எங்கேயும் போகாது.

அந்தத் தெருவிலேயே கடலை நோக்கி இறங்கினால் வெல்ட் கீயும் சூ ஜெட்டியும். தண்ணீரின் மேல் கால் ஊன்றிய மர வீடுகள், சூ என்ற ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்கள் தலைமுறையாக வாழும் இடம். ஜன்னலுக்குள் படம் எடுக்காதீர்கள். இங்கிருந்து படகுத்துறை பக்கம்தான்.

பிற்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

சக்கர நாற்காலியோடு போகலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். கடைவீடுகளின் முன்னால் உள்ள ஐந்தடிப் பாதை ஒவ்வொரு கடைக்கும் ஏறி இறங்கும், நடுவில் மோட்டார் சைக்கிளும் நிற்கும். ஆகவே ரோட்டோரமாகத்தான் தள்ள வேண்டியிருக்கும். நடக்க முடியாதவர்களுக்குப் படகுத்துறையிலிருந்து கொம்தார் வரை போகும் கேட் பஸ் இலவசம்.

ஒருவர் வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசலுக்குப் போய்த் திரும்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை என்றால் அதைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். கொடிமலையையும் (பினாங்கு ஹில்) தண்ணீர்மலையையும் இதே நாளில் சேர்க்கலாமா என்றால், கூடாது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு மட்டும் ஐந்நூறுக்கு மேல் படிகள், அதற்கு ஒரு காலை நேரம் தனியாக வேண்டும்.

ரதம் பார்க்க வருகிறவர்களுக்கு: வெள்ளி ரதம் லெபு பினாங் கோயில் வீட்டிலிருந்து, 2017இல் வந்த தங்க ரதம் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து. தெருக்களை அடைத்துவிடுவார்கள், காரைத் தூரமாக நிறுத்திவிட்டு நடங்கள். அடுத்த வருடம் நாங்கள் விடியற்காலை நாலரைக்கே லெபு பினாங் போய்விட்டோம். அப்பா கோயில் வீட்டு வாசலுக்கு எதிரே ஐந்தடிப் பாதையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், ரதம் அசைந்ததும் எழுந்து நின்றார்.