கண்காணிப்பு மென்பொருளுக்கு முன்னுரிமை அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கை எடுத்துக்கொள்வோம். எடைமேடைக் கணினியில் விண்டோஸ், கேட் பதிவு சர்வரில் லினக்ஸ், மேலாளர் அறையில் மேக். மூன்றையும் கவனிப்பது ஒரே கண்காணிப்பு மென்பொருள். லாரிகள் வரிசைகட்டும் மாலையில் சர்வர் திணறி, எச்சரிக்கை தாமதமாக வந்தால், முன்னுரிமையைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பதே முதல் தவறு. முன்னுரிமை என்பது சிபியுவின் (கணினியின் மையச் செயலி) நேரத்தை மென்பொருள்களுக்கிடையே பங்கிடும் ஏற்பாடுதான். கோளாறு டிஸ்கிலோ நெட்வொர்க்கிலோ இருந்தால் அதனால் பெரிய பயன் இராது.

லினக்ஸில் முன்னுரிமையைக் குறிக்கும் நைஸ் எண் -20 முதல் 19 வரை செல்லும். எண் குறையக் குறைய முன்னுரிமை கூடும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு 15 என்று கொடுத்துவிட்டு, மென்பொருளைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளின் எண்ணை ரினைஸ் கட்டளையால் மாற்றினால், அது பொதுவாக முதன்மை த்ரெட்டை (மென்பொருளுக்குள் இணையாக ஓடும் வேலை இழை) மட்டுமே தொடும். ஏற்கெனவே பிறந்த மற்ற த்ரெட்டுகள் பழைய எண்ணிலேயே ஓடும். மறுதொடக்கத்தில் அந்த மாற்றமும் போய்விடும். ஆகவே லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சர்வீஸ் கோப்பில் நைஸ் வரியை எழுதுவதே முறை. அதிலும் ஒரு பொறி இருக்கிறது: மென்பொருள் கிளப்பிவிடும் ஸ்கிரிப்டுகளும் அதே எண்ணைப் பெறுவதால், -15 கொடுத்த இடத்தில், பெரிய லாக் கோப்பைத் துழாவும் ஒரு சோதனை ஸ்கிரிப்ட் டேட்டாபேஸையே முந்திக்கொண்டு சிபியுவைப் பிடித்துவிடும். என் கணிப்பில் -5 போதும்.

விண்டோஸில் ஆறு முன்னுரிமை வகுப்புகள் உள்ளன. அவற்றில் ரியல்டைமைத் தொடவே கூடாது. அந்த வகுப்பில் ஓடி, முடிவில்லாச் சுழலில் சிக்கிய மென்பொருள் மவுஸையும் கீபோர்டையும்கூட முடக்கக்கூடும். நார்மலுக்கு ஒரு படி மேலான அபவ் நார்மலைத் தாண்டிப் போகத் தேவையில்லை. டாஸ்க் மேனேஜரில் செய்த மாற்றம் அந்த மென்பொருள் நின்றதும் மறைந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பலர் கவனிக்காதது, பணிகளைக் குறித்த நேரத்தில் ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர்: அது தரும் இயல்பான முன்னுரிமை எண் 7, அதாவது நார்மலுக்குக் கீழே. எடைமேடைச் சோதனையை அதன் வழியாக ஓட்டினால் நெரிசல் நேரத்தில் அதுதான் முதலில் பின்தங்கும். பணியை எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்து எண்ணைத் திருத்த வேண்டும்.

மேக்கிலும் நைஸ் உண்டு. ஆனால் அங்கே சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் லாஞ்ச்டியின் கோப்பில் ப்ராசஸ் டைப் என்ற வரியில் பேக்ரவுண்ட் என்றிருந்தால் சிபியுவும் டிஸ்க் பயன்பாடும் மட்டுப்படுத்தப்படும். எனவே நைஸ் எண்ணைத் தொடுமுன் அந்த வரியைப் பார்ப்பது நல்லது.