இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது: மொட்டை மாடி வடாமிலிருந்து ஒரு செய்முறை

சித்திரை, வைகாசியில் எங்கள் வீட்டில் தவறாமல் நடக்கும் காட்சி இது. பிற்பகல் மூன்றரை மணிக்கு மேற்கே கறுக்கும். தூரத்தில் ஓர் உறுமல் கேட்கும். உடனே அம்மா மாடிக்கு ஓடுவார். கொடிக்கம்பியில் துணி, தரையில் பழைய வேட்டி விரித்து வடாம். அந்தத் தெருவிலேயே உயரமான இடத்தில், இரும்புக் கம்பியைப் பிடித்தபடி, சரியாக அந்த நேரத்தில் நிற்பது அவர்தான். எச்சரிக்கை மதியமே செல்போனுக்கு வந்திருக்கும், அதை யாரும் ஒழுங்காகப் படித்திருக்க மாட்டோம்.

படி 1: அந்த ஒரு வரியைப் பிரித்துப் படியுங்கள்

சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அடுத்த 3 மணி நேரத்தில் இந்த மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் லேசானது முதல் மிதமான மழை பெய்ய வாய்ப்பு."

முதலில் 'ஓரிரு இடங்களில்'. இது பேச்சுக்குச் சொல்வது இல்லை, கணக்கு உள்ள சொல். அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள் மழை பெய்யலாம் என்று அர்த்தம். 'ஒருசில இடங்களில்' என்றால் பாதி வரை. 'பல இடங்களில்' என்றால் முக்கால் பங்கு வரை. ஆகவே நம் தெருவில் ஒரு சொட்டுகூட விழவில்லை என்பதால் அறிவிப்பு பொய்த்துவிட்டது என்று சொல்ல முடியாது.

அடுத்து 'லேசான'. எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். அந்தச் சொல் மழைக்கு மட்டும். லேசான மின்னல் என்று ஒன்று கிடையாது. தூறலே விழாத இடத்திலும், மழை மேகத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் இறங்கும்.

அப்புறம், '3 மணி நேரம்' என்பது அறிவிப்பு வெளியான நேரத்திலிருந்து. வாட்ஸ்அப்பில் சுற்றி வருவது காலையில் வந்ததாக இருக்கலாம். தேதியையும் நேரத்தையும் பார்த்துவிட்டு நம்புங்கள்.

நிறங்கள் எளிது. மஞ்சள் என்றால் கவனியுங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள்.

படி 2: வானம் தெளிவாக இருக்கும்போதே வேலையை முடியுங்கள்

துணி, வடாம் எல்லாம் கீழே வரட்டும். டிவி, மோட்டார், வைஃபை பிளக்குகளைக் கழற்றுங்கள், கேபிள் வயரையும் சேர்த்து. இடி தொடங்கிய பிறகு பிளக்கைத் தொடக் கூடாது. மாடு மரத்தடியில் கட்டியிருந்தால் அவிழ்த்துத் தொழுவத்துக்குக் கொண்டுவாருங்கள். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வுக் கழகம் உருவாக்கிய 'தாமினி' செயலி, சுற்றுவட்டாரத்தில் எங்கே மின்னல் விழுந்தது என்று காட்டும். இலவசம்தான், போட்டு வையுங்கள்.

படி 3: அர்ச்சுனாவை எண்ணுங்கள்

இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று பாட்டி சொல்வார். அதையே கடிகாரமாக்கிக் கொள்ளலாம். நிதானமாகச் சொன்னால் ஓர் அர்ச்சுனாவுக்கு ஏறக்குறைய ஒரு விநாடி. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்பதால், மின்னல் தெரிந்து மூன்று அர்ச்சுனாவில் இடி கேட்டால் மின்னல் ஒரு கிலோமீட்டரில் விழுந்திருக்கிறது. முப்பதுக்குள் கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள், அதாவது அடுத்தது உங்கள் தலைக்கு மேலேயே வரலாம். எண்ணுவதெல்லாம் வீட்டுக்குள் நின்றுதான். வெளியே இருந்தால் எண்ண வேண்டாம், இடி கேட்டாலே உள்ளே போங்கள்.

படி 4: எந்த 'உள்ளே'?

கான்கிரீட் வீடு நல்லது. கண்ணாடி ஏற்றிய காரும் பரவாயில்லை, உலோகக் கூடு மின்சாரத்தை வெளிப்பக்கமாகவே தரைக்குக் கடத்திவிடும். கீற்றுக் கொட்டகை, பஸ் நிறுத்தம், ஆட்டோ, பைக் எதுவும் காப்பாற்றாது.

புளியமரத்தடி இவை எல்லாவற்றையும்விட மோசம். மரத்தில் இறங்கும் மின்னல், மரத்தைவிட எளிதான வழியாகப் பக்கத்தில் நிற்பவரின் உடம்பைத் தேர்ந்துகொள்ளும். தரை வழியாகவும் பரவும். அப்போது இரண்டு கால்களுக்கு நடுவே இடைவெளி கூடக்கூட ஆபத்து கூடும். மரத்தடியில் மாடுகள் கூட்டமாகச் சாவது இதனால்தான். வயல்வெளியில் மாட்டிக்கொண்டு போக்கிடமே இல்லையென்றால் பாதங்களைச் சேர்த்து வைத்துக் குந்துங்கள், படுக்காதீர்கள்.

வீட்டுக்குள் குளிக்க வேண்டாம், பாத்திரம் தேய்க்க வேண்டாம், குழாய் வழியாக மின்சாரம் வரும். செல்போன் பேசலாம், சார்ஜில் போட்டபடி மட்டும் வேண்டாம்.

படி 5: கடைசி இடியிலிருந்து அரை மணி நேரம்

மழை விட்டதும் மாடிக்கு ஏறாதீர்கள். ஒவ்வோர் இடிக்கும் கணக்கைப் புதிதாகத் தொடங்கி 30 நிமிடம் காத்திருங்கள். எடுக்க மறந்த வடாம் நனைந்தால் நனையட்டும்.

படி 6: யாராவது அடிபட்டால்

மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்காது. தாராளமாகத் தொடலாம். (அறுந்து கிடக்கும் மின்கம்பி விஷயம் இதற்கு நேர்மாறு. கிட்டேயே போகாமல் 94987 94987 என்ற மின்வாரிய எண்ணுக்குச் சொல்லுங்கள்.) 108-க்கு அழையுங்கள். மூச்சு இல்லையென்றால், பெரியவராக இருந்தால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். கை வலித்தால் பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றிக் கொடுங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.