பம்ப்கின் பை எங்கே சொதப்புகிறது?

நவம்பர் மாதத்து நான்காம் வியாழன், அதாவது அமெரிக்கர்கள் நன்றி சொல்லி விருந்துண்ணும் தேங்க்ஸ்கிவிங் நாள், நெருங்க நெருங்க அமெரிக்கக் கடைகளில் பரங்கி டின்கள் மலைபோலக் குவிந்துவிடும். பரங்கி விழுதோடு முட்டையும் பாலும் கலந்து, மாவால் செய்த ஓட்டுக்குள் ஊற்றி ஓவனில் சுடும் இனிப்புதான் பம்ப்கின் பை. அதில் முதல் தவறு பெரும்பாலும் கடையிலேயே நடந்துவிடுகிறது. ஒரே மாதிரிப் படம் போட்ட இரண்டு வகை டின்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் வெறும் பரங்கி விழுது. மற்றது ‘பை ஃபில்லிங்’ அல்லது ‘பை மிக்ஸ்’, சர்க்கரையும் மசாலாவும் ஏற்கெனவே கலந்தது. அதை வாங்கி வந்து செய்முறையில் உள்ள சர்க்கரையையும் சேர்த்துக் கொட்டினால் வாயில் வைக்க முடியாது. டின்னைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்ற இடத்தில் ‘பம்ப்கின்’ மட்டும் இருந்தால் அதுதான் நமக்கு வேண்டியது. வழக்கமான 15 அவுன்ஸ் டின், அதாவது 425 கிராம், ஒரு 9 அங்குலப் பைக்குச் சரியாக இருக்கும்.

பாலிலும் இதே குழப்பம். பெரும்பாலான செய்முறைகள் கேட்பது எவாப்பரேட்டட் மில்க். பாலில் இருக்கும் தண்ணீரில் சுமார் 60% போக மீதியை டின்னில் அடைத்தது, சர்க்கரை கிடையாது. நம் ஊர்க்காரர்களுக்குப் பழகிய கண்டென்ஸ்டு மில்க்கில் சர்க்கரை ஏராளம். அதை வைத்துச் செய்யும் பைகளும் உண்டு. ஆனால் அவற்றின் செய்முறை வேறு; இதற்குப் பதில் அது என்று மாற்றிப் போடக்கூடாது.

டின் எதற்கு, முழுக் காயாகவே வாங்கிச் செய்யலாமே என்று தோன்றும். தாராளமாகச் செய்யலாம். ஹாலோவீனுக்கு முகம் செதுக்கும் பெரிய பழத்தை மட்டும் தொடாதீர்கள். தண்ணீரும் நாரும்தான் அதில் அதிகம், ருசி குறைவு. ‘சுகர் பம்ப்கின்’ அல்லது ‘பை பம்ப்கின்’ என்று விற்கும் சின்ன உருண்டைகளை வாங்குங்கள். பரங்கி இனத்தைச் சேர்ந்த, வெளிறிய தோல் கொண்ட பட்டர்நட் ஸ்குவாஷும் அருமையாக வரும். அமெரிக்கப் பரங்கி டின்களில் பெரும்பங்கு இல்லினாய் மாநிலத்தின் மார்ட்டன் ஊரிலிருந்து வருகிறது. அவற்றில் இருக்கும் டிக்கின்சன் ரகமும் வெளிறிய தோலோடு, பார்வைக்குப் பட்டர்நட்டுக்கு உறவுக்காரன் மாதிரிதான் இருக்கும். காயை வேகவைக்காமல் ஓவனில் சுட்டு, மசித்து, மெல்லிய துணியில் கட்டி வடியவிடுங்கள். வடிந்து வரும் தண்ணீரைப் பார்த்தால் அது பைக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியும்.

அப்புறம், பம்ப்கின் பையை ஆப்பிள் பை மாதிரி நினைப்பதுதான் மற்றத் தவறுகளுக்கெல்லாம் வேர். ஆப்பிள் பை இன்னும் பத்து நிமிடம் கூடுதலாக வெந்தாலும் கெட்டுப்போகாது. இது முட்டையும் பாலும் சேர்ந்து இறுகும் கஸ்டர்ட். தண்ணீர் கூடினால் இறுகாது, சூடு கூடினால் வெடிக்கும்.

அடித்தட்டு நசநசத்துப்போவதும் தண்ணீரால்தான். பச்சை மாவில் நேரடியாகக் கலவையை ஊற்றினால், மாவு வேகத் தொடங்குவதற்குள் ஈரத்தைக் குடித்துவிடும். அதனால் அந்த மாவு ஓட்டினை முதலில் தனியாகப் பாதிக்குமேல் வேகவைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தட்டுக்கு ஒன்றேகால் கப் மைதா, 113 கிராம் வெண்ணெய், மூன்று நான்கு மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர் போதும். வெண்ணெய் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு இருக்கட்டும். பட்டாணி அளவுக் கட்டிகள் ஆங்காங்கே நிற்கும்படி விரல் நுனியால் பிசிறிவிட்டு, புட்டு மாவுக்குத் தெளிப்பது போலத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துச் சேருங்கள். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், அவ்வளவுதான். சப்பாத்தி பிசைந்து பழகிய கை இங்கேதான் ஏமாற்றும். அழுத்தி அழுத்திப் பிசைந்தால் ஓடு தோல் மாதிரி இழுபடும், ஓவனில் சுருங்கித் தட்டின் ஓரத்தை விட்டு இறங்கும். பிசைந்ததும் ஒரு மணி நேரம், தட்டில் விரித்தபின் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் ஓய்வு கொடுங்கள்.

விரித்த மாவின் மேல் பேக்கிங் காகிதம் போட்டு, பாரத்துக்கு அரிசியோ கொண்டைக்கடலையோ கொட்டி, 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (சுமார் 200 செல்சியஸ்) 20 நிமிடம். பிறகு கடலையை எடுத்துவிட்டு, அடி உலர்ந்து லேசாக நிறம் மாறும்வரை இன்னும் சில நிமிடம். கடலையை விளிம்புவரை நிரப்ப வேண்டும். ஒரு பிடி மட்டும் போட்டால் அடிப்பாகம் அழுந்தும், சுவர் சரிந்துவிடும். அந்தக் கடலையைச் சுண்டலுக்குத் திரும்ப எடுக்க முடியாது. டப்பாவில் போட்டு அடுத்த பைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தட்டை ஃபிரீசரிலிருந்து எடுத்து நேராகச் சூடான ஓவனில் வைக்கவே கூடாது, வெடித்துச் சிதறலாம்.

மசாலாவில் நமக்கு வரும் தவறு தனி ரகம். பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு எல்லாம் வீட்டிலேயே இருக்கிறதே என்று புதிதாக அரைத்துத் தாராளமாகப் போட்டுவிடுவோம். கிராம்பு கால் தேக்கரண்டிக்கு மேல் போனால் பை பல்வலி மருந்து மணக்கும். உப்பு அரைத் தேக்கரண்டி, மறக்காமல். விழுதை மசாலாவோடு வாணலியில் ஐந்து நிமிடம் புரட்டிவிட்டால் டின் வாடையும் போகும், மீதி ஈரமும் போகும். முட்டையை அதில் சேர்க்குமுன் ஆறவிடுங்கள்.

இனி ஓவன். பச்சை ஓட்டில் ஊற்றும் செய்முறைகள் 425 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 15 நிமிடம், பிறகு 350-க்குக் குறைத்து 40 முதல் 50 நிமிடம் என்று சொல்லும். அந்த முதல் 15 நிமிடம் ஓட்டுக்காகத்தான். ஏற்கெனவே வெந்த ஓடு என்றால் தொடக்கத்திலிருந்தே 350 போதும் (சுமார் 175 செல்சியஸ்).

எப்போது எடுப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். நடுப்பாகமும் கெட்டியாகும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிட்டது என்று பொருள். தட்டை லேசாக அசைத்துப் பாருங்கள். ஓரம் அசையாமல் சற்றே உப்பியிருக்க வேண்டும். நடுவில் ஒரு இரண்டு அங்குல வட்டம் மட்டும் மொத்தமாகக் குலுங்க வேண்டும். குலுங்காமல் அலையடித்தால் இன்னும் வேகவில்லை. தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 175 ஃபாரன்ஹீட், அதாவது 80 செல்சியஸ் அளவு. மிச்சத்தை உள்ளிருக்கும் சூடு பார்த்துக்கொள்ளும். கத்தி குத்திப் பார்க்கும் வழக்கமும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நட்டநடுவில் சுத்தமாக வெளிவரும்வரை விட்டால் பெரும்பாலும் வெந்தது அதிகமாகிவிடுகிறது, குத்திய இடத்திலிருந்தே வெடிப்பும் தொடங்கும். எடுத்ததும் ஜன்னலோரக் குளிரில் வைப்பதும் வெடிப்புக்கு வழி. ஓவனை அணைத்து, கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து மெல்ல ஆறவிடலாம்.

முட்டை சாப்பிடாதவர்கள் விருந்துக்கு வருகிறார்களா? சோள மாவு போட்டுக் கலவையை அடுப்பிலேயே கொதிவந்து கெட்டியாகும்வரை கிளறி, முழுக்க வெந்த ஓட்டில் ஊற்றி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். அமெரிக்கக் கடையில் அதற்கு ‘கார்ன் ஸ்டார்ச்’ என்று கேட்டு வாங்க வேண்டும். அங்கே ‘கார்ன் ஃப்ளவர்’ என்பது மக்காச்சோளத்தை அப்படியே நைசாக அரைத்த மாவு. கடையில் ஓடு வாங்குவதாக இருந்தால் லேபிளையும் பாருங்கள், சிலவற்றில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. அது ‘லார்ட்’ என்ற பெயரில் இருக்கும்.

புதன்கிழமையே செய்துவைப்பது நல்லது. வெட்டுமுன் குறைந்தது இரண்டு மணி நேரம் ஆறட்டும். சூடாக மூடினால் மேலே நீர் முத்து முத்தாக நிற்கும், அதனால் முழுக்க ஆறியபின் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். பாலும் முட்டையும் இருப்பதால், ஆறிய பையை மேசையில் இரவு முழுக்க விடக்கூடாது. ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள் தாங்கும். விப்டு கிரீமைப் பரிமாறும்போது மட்டும் போடுங்கள். எவ்வளவு பார்த்துச் செய்தும் நடுவில் ஒரு வெடிப்பு விழுந்துவிட்டால், அந்தக் கிரீமை அதன் மேலேயே தாராளமாக வைத்துவிடலாம்.